தாய்வீட்டில் இருப்பவர்

ஆண்டு 31, நாள் 40. காலை 6.10

மேலைக்குன்றம், செவ்வாய். எழுதுவது மக்கள்தொகை ஆய்வாளர் தவமணி.

இங்கே இருப்பவர்: 31. தாய்வீட்டில் இருப்பவர்: 44. ஆக மொத்தம்: 75.

பனிச்சுரங்கம் ஓடுகிறது. காற்று ஆலையின் மூன்று வடிகட்டிகளில் ஒன்று போய்விட்டது, இரண்டு உழைக்கின்றன. மாத வண்டி நேற்று வந்து போனது. இந்த முறையும் வெங்காயம் வரவில்லை. வண்டி அனுப்புகிற செங்கரையில் வெங்காயத்துக்கு அப்படி என்ன பஞ்சம்? கேட்டால் அடுத்த மாதம் என்பார்கள். பின்னால் என்றைக்காவது இதை எடுத்துப் படிக்கிறவரே, வெங்காயம் கொண்டுவந்தீர்களா என்று முதலில் சொல்லுங்கள்.

நாள் 58. மாலை 5.30

ஆலையில் வேலை பார்க்கும் கபிலனின் மனைவி நறுமுகை முழுகாமல் இருக்கிறாள். ஊரே கூத்தாடுகிறது. தோட்டக் கூடத்தில் பழுத்த ஒரே தக்காளியை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்குச் சந்தோஷம்தான், கூடவே வயிற்றெரிச்சல். படிக்கிறவருக்கு விஷயம் புரிய வேண்டும். இந்த ஊரைத் தொடங்கியவர்கள் சுரங்கத்துக்கு வந்த ஆண்கள். பெண் எடுத்ததெல்லாம் செங்கரையில், வண்டியில் ஒன்பது நாள் பயணம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது பூமியிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்த வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்பு, மறுநாள் வண்டி. போகிறாள், பெறுகிறாள், அதோடு சரி. வண்டியில் எல்லோரும் அழுத்த உடை போட்டாக வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு உடை கிடையாது. ஐந்து வருடம் எந்த ஆண்பிள்ளை தனியாகக் கிடந்து பனி வெட்டுவான்? அவனும் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவான். முன்பெல்லாம் போனவர்களுக்கு ஈடாகப் புது ஆட்கள் வருவார்கள். ஒன்பது வருடமாக அதுவும் இல்லை.

நோயில்லை, சண்டையில்லை, பட்டினியில்லை. முப்பத்தோரு வருடத்தில் இங்கே ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை, அவ்வளவுதான்.

போனவளின் பெயரை அடிக்கலாம் என்றால், பிள்ளைத்தாச்சி பெயரையா அடிக்கிறாய் என்று ஊரே சண்டைக்கு வரும். அதனால் அந்த 44 பேரும் இன்னும் என் பதிவில் இருக்கிறார்கள். அதில் சிலர் பேரன் பேத்தி எடுத்தாயிற்று. எங்களை ஆளும் செங்கரை மன்றம் மொத்தத்தை மட்டும் பார்க்கும், 75 என்றால் தலையாட்டும்.

ஊரே அத்தை என்று கூப்பிடுகிற நான் மட்டும் ஏன் இங்கேயே கிடக்கிறேன்? நான் விடுதியில் வளர்ந்தவள். போவதற்கு எனக்குத் தாய்வீடு இல்லை.

நாள் 131. மதியம் 2.00

மன்றம் இப்போதுதான் ஆளை எண்ணிப் பார்த்திருக்கிறது. வந்த செய்தி:

"இந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு பிரசவமாவது அங்கே பதிவாகாவிட்டால் மேலைக்குன்றம் ஊர் என்ற தகுதியை இழக்கும். பணிமுகாமாகக் கருதப்பட்டு மூடப்படும்."

படுபாவிகள். இருபத்தெட்டு வருடமாக நான் இருக்கிற இடம், ஒரு வரியில் முகாம் ஆகிவிட்டது. சுரங்கத் தூசி என் நுரையீரலை அரித்துவிட்டது, புது உடைகளின் அழுத்தம் எனக்கு ஆகாது. பழைய ரகத்தில் தொளதொள உடை ஒன்று வைத்திருக்கிறேன். மணிக்கட்டுகூட முழங்கால் நுழையும் அளவுக்கு அகலம். அதைப் போட்டுக்கொண்டு எங்கே போவது? இதுதான் என் ஊர்.

நறுமுகை இங்கேயே பெற்றால் ஊர் பிழைக்கும். அவளுக்குச் சம்மதம், கபிலனுக்கும் சம்மதம். செங்கரையிலிருக்கும் அவள் அம்மா மரகதத்தை வானொலியில் பிடித்தேன்.

மரகதம்: "என்னங்க பேசறீங்க தவமணி? தலைப்பிரசவத்தைப் புருஷன் வீட்ல வச்சுப் பார்க்கறதா? நாலு பேரு என்னைக் காறித் துப்ப மாட்டாங்க?"

நான்: "அப்ப நீங்க கிளம்பி இங்க வாங்க. வளைகாப்பை நம்ம இடத்துலயே ஜாம்ஜாம்னு செஞ்சிடுவோம்."

மரகதம்: "வர்றேன். ஆனா வளையல் போட்ட மறுநாளே என் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

சரி என்றேன். என் கணக்கு வேறு. வளைகாப்பு வளையலைப் பிரசவம் வரை கழற்றக் கூடாது. முழங்கைவரை கண்ணாடி வளையல் கிடந்தால் உடையின் மணிக்கட்டு வளையம் ஏறாது. போடுங்கள் அம்மா, ஆசை தீரப் போடுங்கள்.

நாள் 204. மதியம் 1.15

முந்தாநாள் வண்டியில் மரகதம் வந்து இறங்கினாள். இன்று வளைகாப்பு. சுரங்கத்து ஆட்கள் மணலை உருக்கி வளையல் வார்த்திருந்தார்கள், கோணல்மாணலாக, பச்சையும் சிவப்புமாக. உருளைக்கிழங்கை உதிர்த்து ஐந்து விதமாகத் தாளித்து, சாதம் என்று பெயர் வைத்தோம். ஒவ்வொருவரும் நறுமுகையின் இரண்டு கைக்கும் வளையல் போட்டார்கள். நானும் போட்டேன், கொஞ்சம் கூடுதலாகவே போட்டேன்.

சாப்பாடு முடிந்ததும் மரகதம் மகளுக்கு உடையைப் போட்டுப் பார்த்தாள். மணிக்கட்டு ஏறவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிடிபட்டுவிட்டேன். ஆனால் வளையலைக் கழற்று என்று சொல்ல அவளுக்கே வாய் வரவில்லை. மூலையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஜெயித்துவிட்டேன்! இங்கே ஒரு குழந்தை பிறக்கப் போகிறது. பதிவில் "பிறப்பு" என்ற இடத்தில் எப்படி எழுதுவது என்பதே எனக்கு மறந்துவிட்டது.

நாள் 204. மாலை 6.50

உள்தொடர்பில் கபிலன்: "அத்தை, ரெண்டாவது வடிகட்டியும் போச்சு. பொம்பளைங்க கூடத்துல காத்து இறங்குது. நறுமுகை மயங்கிட்டா. சீக்கிரம் வாங்க அத்தை!"

ஓடினேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. முகமூடி வைத்து மூச்சு கொடுத்தோம். கண் விழித்தாள். வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன், குழந்தை உதைத்தது. மூன்றாவது வடிகட்டி ஒன்றுதான் இப்போது ஊரைத் தாங்குகிறது.

மரகதம் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அறைக்குப் போய் என் பழைய உடையை எடுத்துவந்தேன். மணிக்கட்டு அகலம் போதுமானதாக இருந்தது. ஒரு வளையல்கூட உடையாமல் கை உள்ளே போயிற்று.

நாள் 205. காலை 9.00

வண்டி கிளம்பிவிட்டது. அவள் போனால் ஊர் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவர்கூட இரு என்று சொல்லவில்லை. ஆளுக்கொரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். கபிலன் ஆலையை விட்டு வர முடியாமல் உள்தொடர்பில் விடைகொடுத்தான்.

வண்டியிலிருந்து மரகதம்: "உங்க உடையை அடுத்த வண்டியிலேயே அனுப்பி வைக்கிறேன் தவமணி. மறக்க மாட்டேன்."

இருப்பவர்: 30. தாய்வீட்டில் இருப்பவர்: 45. ஆக மொத்தம்: 75. பார்த்தீர்களா, குறையவே இல்லை.

நாள் 279. காலை 7.20

மரகதம்: "பொண்ணு பொறந்திருக்கா தவமணி! தாயும் பிள்ளையும் சௌக்கியம். ஒத்தையாத்தான் பார்த்தேன், கூடமாட ஒத்தாசைக்கு ஆளில்லை. மருமக தலைப்பிரசவத்துக்கு நிலாவுக்குப் போயிருக்கா. இப்பல்லாம் எல்லாரும் அங்கதான் பொண்ணு எடுக்கறாங்க."

வாழ்த்துச் சொன்னேன். அப்புறம் செங்கரையின் பதிவை வரவழைத்துப் பார்த்தேன். தாய்வீட்டில் இருப்பவர் என்று அங்கேயும் ஒரு வரிசை தொடங்கியிருக்கிறார்கள். மன்றத்துக்கு நீண்ட எச்சரிக்கை ஒன்று அனுப்பினேன். "பெறப்பட்டது" என்று பதில் வந்தது. இந்த ஆண்டில் இனி இங்கே பிறக்க யாருமில்லை என்று கூடவே மூடல் ஆணையும் வந்தது.

நாள் 318. மதியம் 12.40

ஊரைக் காலி செய்கிற பெரிய வண்டி வந்தது. இதிலும் என் உடை வரவில்லை. மன்றத்தின் செய்தி:

"தங்கள் உடையைத் திருமதி மரகதம் உரிய நேரத்தில் ஒப்படைத்தார். பழைய ரகம் என்பதால் அது கழிக்கப்பட்டு உருக்கப்பட்டது. பதிலாகப் புதிய உடை அனுப்பியுள்ளோம்."

புதியதைப் போட்டுப் பார்த்தேன். கதவுவரைகூடப் போகவில்லை, வாயில் ரத்தம் வந்துவிட்டது.

கபிலன், வண்டியிலிருந்து: "நான் இறங்கிடறேன் அத்தை. உங்களை விட்டுட்டு எப்படிப் போறது?"

நான்: "பெத்த பிள்ளையோட மூஞ்சியை இன்னும் பார்க்கலை, பெரிய தியாகி வந்துட்டான். போடா."

போய்விட்டான். போ என்று சொன்னது நான்தான்.

இருப்பவர்: 1. தாய்வீட்டில் இருப்பவர்: 45. ஆக மொத்தம்: 46.

நாள் 340. மாலை 4.00

நறுமுகை: "அத்தை, பாப்பா சிரிக்கிறா. கேக்குதா? அஞ்சு வயசானதும் உடை போட்டு உங்ககிட்ட கூட்டிட்டு வந்துடுவேன். நிஜமாத்தான் சொல்றேன் அத்தை."

நாற்பத்து நாலு பேரும் இதையேதான் சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

நான்: "வாடி கண்ணு. வரும்போது வெங்காயம் எடுத்துட்டு வா."

மூன்றாவது வடிகட்டி உறுமுகிறது. காலையில் அடித்து நிமிர்த்தினேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

நாள் 352

மணி பார்க்க முடியவில்லை. கண் இருட்டுகிறது. வடிகட்டி நின்றுவிட்டது. அந்தப் பாழாய்ப்போன சத்தமே இல்லை.

அந்த 45 பேரையும் அடித்துவிடலாம் என்று பதிவைத் திறந்தேன். கடைசிக் கணக்காவது உண்மையாக இருக்கட்டும் என்று. கடைசியாகச் சேர்ந்த நறுமுகை பெயரில் தொடங்கினேன், கை ஓடவில்லை. பச்சை உடம்புக்காரி. அவள் பெயரைப் போய்

இருக்கட்டும். எல்லாரும் இருக்கட்டும். வருகிறேன் என்றுதானே

ஆண்டு 32, நாள் 1. காலை 6.10

மேலைக்குன்றம், செவ்வாய். தானியங்கிப் பதிவு.

காற்று ஆலை: இயங்கவில்லை. அடுத்த வண்டிக்கான தேவை: வடிகட்டி, வெங்காயம்.

இங்கே இருப்பவர்: 0. தாய்வீட்டில் இருப்பவர்: 45. ஆக மொத்தம்: 45.