பெட்டியில் முளைத்த கீரை

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சுகமாகத்தான் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் சின்னதும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை எனக்கு நினைப்பு. உடம்பளவில் என்று ஏன் எழுதினேன் என்றால் மனசளவில் நான் நன்றாக இல்லை, கடுங்கோபத்தில் இருக்கிறேன். இதை ஃபோனிலேயே சொல்லலாம், ஆனால் நான் உன்னோடு பேச ஆரம்பித்தாலே உன் அப்பா கையில் இருக்கும் மண்ணைக்கூடக் கழுவாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், அவரைப் பற்றிய புகாரை அவரை வைத்துக்கொண்டே எப்படிச் சொல்வது. லீவில் வந்திருக்கும் மாப்பிள்ளையின் நண்பர் அடுத்த வாரம் அங்கே திரும்புகிறாராம், அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

உனக்கு மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது நீ ஃபோன் செய்து, டாக்டர் அதிகம் நடமாட வேண்டாம் என்கிறார், மாப்பிள்ளைக்கு இரவு வேலை மாறாது, பிரசவத்துக்கு முன்னாலேயே வந்து ஒரு ஆறு மாதம் என்னோடு இருக்க முடியுமா அம்மா என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன், இந்த மனிதரை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்றேன். காது ஆபரேஷனுக்குப் பிறகு அவர் விமானத்தில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள், இங்கே தனியாக விடலாம் என்றால் அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்றுகூட அவருக்குத் தெரியாது. நீயும் பரவால்லம்மா, நான் எப்படியாவது பாத்துக்கறேன் என்று வைத்துவிட்டாய். அதற்கப்புறம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை, தலைப்பிரசவம், பக்கத்தில் ஒரு மனுஷி இல்லாமல் நீ என்ன செய்வாய் என்று அதே கவலை. இவர் ஏதாவது ஒரு வழி சொல்வார் என்று முகத்தைப் பார்த்தேன். அவரோ மறுநாள் காலையில் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போய்விட்டார்.

அந்தப் பின்பக்கம் எந்த லட்சணத்தில் இருந்தது என்று உனக்கே தெரியும். போர்வெல் போட்டபோது கொட்டிய சாம்பல் நிறச் சேறு காய்ந்து பாறையாகக் கிடந்தது, பாத்ரூமை இடித்துக் கட்டியபோது மிஞ்சிய ஓட்டுத் துண்டுகள் ஒரு மூலையில், இடுப்பு உயரத்துக்கு முள்ளும் புதரும். துணி காயப்போடப் போனால் புடவையைக் கிழித்துக்கொண்டுதான் வர வேண்டும். சுத்தம் பண்ணுங்கள் என்று நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம், ஆளு வெச்சுப் பாத்துக்கலாம் என்பதே பதிலாக இருந்தது. இப்போது மூட்டு வலியோடு தானே இறங்கி வெட்டுகிறார். எதற்கு இந்த வயதில் என்று கேட்டால் காய்கறி போடப்போறேன், அஞ்சு பைசா செலவில்லாம என்கிறார். மகள் அங்கே தனியாகக் கிடக்கிறாள், இவருக்குக் காய்கறி ஒரு கேடா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செலவில்லாமல் என்றால் என்ன அர்த்தம் தெரியுமா, ஊரில் இருக்கும் குப்பையெல்லாம் நம் வீட்டுக்கு வந்து சேரும் என்று அர்த்தம். தெரு பெருக்கும் அம்மாவிடம் சொல்லிக் காய்ந்த சருகை மூட்டை மூட்டையாக வாங்கினார். டீக்கடையில் போய் வடிகட்டிய தூளைக் கேட்டு வாளியில் தூக்கிக்கொண்டு வந்தார், வாளி என்னுடையது. ஒரு நாள் பின்கதவைத் திறக்கிறேன், வாசலில் ஒரு சாக்கு, அதன் வாயிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக மனித முடி எட்டிப் பார்க்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முடி வெட்டுகிற கடையில் சும்மா தூக்கிப் போடுறாங்க, மண்ணுக்கு நல்ல உரம் என்று சாவகாசமாகச் சொல்கிறார். மாடியில் குடியிருக்கும் டீச்சர் அன்றைக்குப் பார்த்து மோர் கேட்டு வந்தவள், சாக்கைப் பார்த்துவிட்டு மோரே வேண்டாம் என்று ஏறிப் போய்விட்டாள்.

கம்பெனியில் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்த புத்தி எங்கே போகும். கிழிந்த கையுறையைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுக் கையுறை தருவாராம் அங்கே, தேய்ந்த விளக்குமாற்றைக் காட்டினால்தான் புது விளக்குமாறு. அதே சட்டம் இப்போது எனக்கு. முதன்முதலில் காய்த்த கத்திரிக்காயைப் பறிக்கப் போனேன், நேத்து நறுக்கின தோலு எங்க, அதக் கொண்டாந்து உரக்குழியில போடு, அப்புறம் காய எடு என்று வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார். என் வீட்டில் என் சமையலுக்கு ஒரு கத்திரிக்காய் எடுக்க நான் முட்டை ஓட்டையும் வெங்காயச் சருகையும் ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டேன், வேறு என்ன செய்வது.

செடி வைக்கத் தொட்டி வாங்குவாரா, மாட்டார். பெயிண்டரிடம் வாங்கிய காலி டப்பா, கைப்பிடி போன என் குக்கர், ஓட்டை விழுந்த குடம், எல்லாவற்றிலும் மண். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் பரண்மேல் பார்க்கிறேன், பெரிய பெட்டியைக் காணோம். உன்னிடம் வருவதாக இருந்தால் எடுத்துக்கொண்டு வரலாம் என்று நான் தூசு தட்டி வைத்த பெட்டி. பின்பக்கம் போனால் அது மதில் ஓரமாக வாயைப் பிளந்து கிடக்கிறது, உள்ளே கொள்ளாத மண், மண்ணில் பொடிப்பொடியாகக் கீரை. எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. மகளிடம் நீ போகக் கூடாது என்று என்னிடம் வாயால் சொல்லத் தைரியமில்லை, அதனால் பெட்டியில் கீரையைப் போட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். கேட்டேன். சக்கரம் ஒடஞ்ச பெட்டிய இழுத்துக்கிட்டா போவ, வேற வாங்கிக்கலாம் என்றார். ஒரு பூவாளி வாங்க மனசில்லாமல் பாட்டில் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுத் தண்ணீர் ஊற்றுகிற மனிதர் பெட்டி வாங்குவாராம். அன்றைக்கு இரண்டு வேளை அவரோடு நான் பேசவில்லை, அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

விதையும் கடையில் வாங்கக் கூடாது. அழுகின தக்காளி, முளைவிட்ட உருளைக்கிழங்கு, வற்றல் மிளகாய் என்று எல்லாம் என் அடுக்களையிலிருந்துதான் போனது. கொத்தமல்லி விதை கேட்டார், டப்பாவிலிருந்து ஒரு கை அள்ளிக் கொடுத்தேன். தேய்த்து உடைத்துப் பாத்தி கட்டி விதைத்தார். தினமும் காலையில் எழுந்ததும் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்துகொள்வார், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார், ஒரு பச்சை தெரியவில்லை. மண்ணை மாற்றினார், நிழல் கட்டினார், தண்ணீரைக் குறைத்தார், கூட்டினார். டீச்சர்தான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, எந்த மல்லியப் போட்டாருக்கா, நீங்க எல்லாத்தையும் வறுத்துத்தானே டப்பாவுல போடுவீங்க என்றாள். ஆமாம், பூச்சி வரக் கூடாதென்று வாங்கின அன்றைக்கே வறுத்து வைப்பது என் வழக்கம். வறுத்த மல்லிக்கு அந்த மனிதர் அத்தனை நாள் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. செத்த சரக்க இஷ்யூ பண்ணிட்டியே, இனிமே உன் ஸ்டோர நான் நேர்ல பாக்காம ஒண்ணும் வாங்க மாட்டேன் என்று அடுக்களைக்குள் வந்துவிட்டார்.

வந்தவர் போகவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து தண்ணீர் குடிக்கக்கூட அடுக்களைப் படியைத் தாண்டாதவர், இப்போது ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்க்கிறார். இது வறுத்ததா பச்சையா, இது எதுல போடுவ, இதுக்கு எவ்வளவு உப்பு, அது ஏன் முதல்ல போட்ட, இது ஏன் கடைசியில. நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றால் தோளுக்குப் பின்னால் மூச்சு விடுகிறார். எண்ணெயை எட்டிப் பார்த்து மீசையைக்கூடப் பொசுக்கிக்கொண்டார். விதைக்கு இதெல்லாம் எதற்கு என்றால் சும்மாத்தான் கேட்டேன், சொன்னா குறைஞ்சா போயிருவ என்பார். எனக்கு இவர் தொல்லை தாங்கவில்லை என்றுதான், போன வாரம் பெரியம்மா கூப்பிட்டதும் இரண்டு நாள் அவளிடம் போய்விட்டு வந்தேன். போகும்போது இவருக்கு வேண்டியதையெல்லாம் சமைத்து ஃபிரிட்ஜில் வைத்து, எதை எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வந்து ஃபிரிட்ஜைத் திறந்தால் வைத்தது வைத்தபடி இருக்கிறது. இரண்டு நாளும் பட்டினி கிடந்தாரா என்று எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்புறம் பார்த்தால் வாணலி கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது, நான் வைக்காத இடத்தில். அந்த நேரத்துக்கு டீச்சர் ஒரு கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிறாள். சார் பீன்ஸ் பொரியல் செஞ்சு குடுத்தாருக்கா, நல்லாத்தான் இருந்துச்சு, உப்புதான் ஒரு கல்லு கம்மி என்கிறாள்.

பின்பக்கம் போய் அவரைப் பிடித்துக்கொண்டேன். என்ன நடக்குது இங்க என்று கேட்டேன். அவரைக்கொடிக்குக் கயிறு கட்டிக்கொண்டே அவர் சொன்னார், எதுக்குக் கத்துற, பாப்பா அன்னிக்குப் பரவால்லன்னு சொன்னப்போ அவ குரல் எப்படி இருந்துச்சுன்னு நீ கேட்டியா, எனக்கு ஒரு காது போனாலும் அது கேட்டுச்சு, என் ஒரு வயித்துக்காகத்தானே அவ தனியாக் கெடக்கணும்னு ஆச்சு, எனக்குக் கடையில காய் பாத்து வாங்கவும் தெரியாது, பேரம் பேசவும் தெரியாது, அதான் இங்கயே போட்டுக்கிட்டேன், சமையலச் சொல்லிக்குடுன்னு நேராக் கேட்டா நீ சொல்லித் தரவும் மாட்ட, கெளம்பவும் மாட்ட, நீ பாட்டுக்குப் போய்ட்டு வா. இவ்வளவுதான். இத்தனை மாதம் வாயைத் திறக்காத மனிதர் இதைச் சொல்லிவிட்டுத் திரும்பவும் கயிற்றைக் கட்டப் போய்விட்டார்.

நீ சந்தோஷப்பட வேண்டியதுதானே அம்மா என்பாய். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது கண்ணு. இத்தனை வருஷமாக யார் எங்கே கூப்பிட்டாலும், நான் இல்லாவிட்டால் அவருக்கு ஒரு வாய் சோறு இறங்காது என்று சொல்லியே தட்டிக்கழித்திருக்கிறேன். அலுத்துக்கொள்வது போலத்தான் சொல்வேன், உள்ளுக்குள் எனக்கு அது பெருமை. நாலு பீன்ஸை வைத்து அந்தப் பெருமையைப் பிடுங்கிக்கொண்டார். அவரால் நான் இல்லாமல் இருக்க முடியும் என்பது எனக்குப் பிடிக்கவில்லை, உன்னிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம். குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பொரியலுக்கு உப்பை எப்போது போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

நான் வருகிறேன். மாப்பிள்ளையிடம் சொல்லி டிக்கெட் எடுக்கச் சொல், எட்டாம் மாதம் பிறப்பதற்குள் அங்கே இருப்பேன். பெட்டியும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார், கலர்தான் சகிக்கவில்லை, தூரத்திலிருந்தே அடையாளம் தெரியுமாம். அதுவரை குனிந்து எதையும் எடுக்காதே, ஈரத் தரையில் நடக்காதே, பசிக்கவில்லை என்றாலும் வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளை தூங்குகிறார் என்று எல்லாவற்றையும் நீயே இழுத்துப் போட்டுக்கொள்ளாதே, எழுப்பிக் கேள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். முளைத்த வெங்காயத்தை எறியாமல் ஜன்னலில் வைக்கச் சொல்லு என்று உன் அப்பா சொல்லச் சொன்னார், நீ எறிந்துவிடு. நீயும் உன் வயிற்றுப் பிள்ளையும் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிந்து, நீண்ட ஆயுசோடு வாழ வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனசார வாழ்த்துகிறோம்.

ஒன்று மட்டும் மறக்காதே. நான் அங்கே வந்த பிறகு தினமும் அவருக்கு ஃபோன் செய்து என்ன சமைத்தீர்கள் என்று கேள், கேட்டுவிட்டு, அம்மா சமைக்கிற மாதிரி இருந்ததா என்றும் கேள். நான் பக்கத்திலேயேதான் இருப்பேன். இல்லை என்று சொன்னால் ஆறு மாதம் என்ன, கூட இரண்டு மாதம்கூட நிம்மதியாக உன்னோடு இருப்பேன். ஆமாம் என்று சொல்லிவிட்டாரோ, அடுத்த விமானத்திலேயே திரும்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் முகம் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருக்கும்
அம்மா