நாலாவது ஆள்

தூத்துக்குடி,
20-11-74

அன்பு மகன் ராஜதுரைக்கு அப்பா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் திருச்செந்தூரான் புண்ணியத்தில் சுகம், கல்கத்தாக் குளிரில் நீ உடம்பை எப்படி வைத்திருக்கிறாய் என்பதுதான் எங்களுக்குக் கவலை. தீபாவளிக்கு நீ வராததால் வீடு வெறிச்சென்று இருந்தது. கடையில் வியாபாரம் பரவாயில்லை, ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது, உப்பளக்காரர்களுக்கு மட்டும் சந்தோஷம். உன் கடிதம் கிடைத்தது. உன் சித்தப்பா எழுதினதை வைத்துக்கொண்டு, அம்மா கையிலிருக்கும் கேமராவை வாங்கிப் பீரோவில் பூட்டுங்கள், ஊர் சிரிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். இரண்டு நாள் யோசித்தேன். பூட்டுவதாக இல்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

சித்தப்பா ஆயுத பூஜையன்று பார்த்ததைத்தானே எழுதினார்? நடந்தது இதுதான். நம் ஸ்டேஷனில் உப்பு வேகன்களைத் தள்ளுகிற பழைய எஞ்சின், சீமையில் செய்தது, பித்தளைத் தகட்டில் வருஷம் பார்த்தால் என்னைவிட மூத்தது. அன்று அதைக் குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனம் குங்குமம் அப்பி, இரண்டு பக்கமும் வாழை கட்டி நிறுத்தியிருந்தார்கள். உன் அம்மா ஒரு மாதமாக அந்த நாளுக்குக் காத்திருந்தவள். ஸ்டேஷனில் படம் எடுக்கத் தடை என்பதால் மாஸ்டரிடம் தானே நேரில் போய் அனுமதி கேட்டு வாங்கினாள், எனக்கு அவர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், இவளுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ. எல்லாம் கூடி வந்த நேரத்தில் டிரைவர் மந்திரமூர்த்தி அண்ணாச்சி மாட்டேன் என்றுவிட்டார். அவரும் ஃபயர்மேன்கள் இரண்டு பேருமாக மூன்று பேர். மூணு பேரு சேந்து போட்டாவுக்கு நிக்கப்படாது தாயி, யாருக்காவது ஆவாம போயிரும் என்றாராம். ஒருவர் விலகலாமே என்றால், எஞ்சினோட கெடந்து வேகுதவன் நான், நான் எதுக்கு விலகணும் என்று ஃபயர்மேன் ஜேசுபாதம் முறைக்கிறார். வேகனை எடுக்கப் பத்து நிமிஷம்தான் இருக்கிறது. உன் அம்மா தண்டவாளத்தைத் தாண்டிக் கடைக்கு ஓடி வந்தாள், நான் தராசுக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தேன். ஏங்க, ஒரு ஆள் கொறையுது, அப்படியே வாங்க என்றாள். அப்படியே போய் நாலாவது ஆளாக நின்றேன், சட்டைகூடப் போடவில்லை. சித்தப்பா கண்ணில் பட்டது அந்தக் கோலம்தான்.

அவர் பார்க்காததை நான் பார்த்தேன். புகை குறுக்கே வராதபடி கடற்காற்று வீசுகிற பக்கமாகப் போய் நின்றாள், வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டாள், ஊரையே அதட்டுகிற அண்ணாச்சியை அசையாதீங்க என்று ஒரே அதட்டு, மனுஷன் மூச்சு விடவில்லை. முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் இவளுக்குள் இப்படி ஒருத்தி இருப்பது தெரியாமல் போயிற்றே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. படம் கழுவி வந்ததும் அண்ணாச்சி கடைக்கு வந்து வெகுநேரம் பார்த்தார். இருவது வருசமா இத ஓட்டுதேன், இது இம்புட்டு லெச்சணம்னு இந்த அம்மா காட்டித்தானே தெரியுது என்றார். ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன். தொந்தியோடு நிற்கிறவன் உன் அப்பன், அவனை விட்டுவிட்டு எஞ்சினைப் பார்.

எஞ்சின் மேல் அப்படி என்ன ஆசை என்று நேற்று அவளிடமே கேட்டேன். போன பொங்கலுக்கு வந்து கேமராவை விட்டுப் போனாயே, உன்னை ரயிலேற்றிய அன்று, தடை இருப்பது தெரியாமல், அவள் முதல்முதலாக எடுத்தது உன்னை அல்ல, எஞ்சினைத்தான். பிள்ளையக் கூட்டிட்டுப் போறது அதுதான, கொண்டாந்து விடப்போறதும் அதுதான, அது மொகம் நமக்குத் தெரிஞ்சிருக்க வேண்டாமா என்றாள்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், முருகன் துணை. காதுக்கு மஃப்ளர் கட்டிக்கொள். வரும்போது பிலிம் இரண்டு ரோல் மறக்காமல் வாங்கி வா, பொங்கலுக்கு வரும் தேதியை முன்கூட்டியே எழுது. கேமராவைப் பூட்டத்தான் வேண்டும் என்று அப்போதும் தோன்றினால் அவளிடம் நீயே கேட்டு வாங்கிக்கொள். ஆனால் இறங்கியதும் உன் பெட்டி வாசலில் அவளைத் தேடிக்கொண்டு நிற்காதே. எஞ்சின் பக்கமாக நடந்து வா.

இப்படிக்கு,
உன் அப்பா
சு. வன்னியபெருமாள்