பழைய பற்றரியும் புதிய பற்றரியும்

செவன் கிங்ஸ்
4 ஒக்டோபர் 2009

அன்புள்ள நாகேஸ்,

போனில் கதைத்தால் மூன்றாவது நிமிடமே சண்டை. அதனால் எழுதுகிறேன். நூறு நாள் சிகரெட் தொடாமல் இருந்தால் வீட்டுக்கு வரலாம் என்றீர். இன்று நாற்பத்தோராவது நாள்.

சிகரெட்டுக்குப் பதிலாக வாங்கிய இந்த மின்சிகரெட்டில் ஆவி போதவில்லை. ரோச் லைட் கைவிளக்கின் குழாய் ஒன்றை வெட்டி, இரண்டு பற்றரியை அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு மின்சிகரெட்டில் பூட்டினேன். ஒன்று புதியது, மற்றது பழையது. முதல் இழுவையிலேயே தொண்டை எரிந்தது. பிறகு கருகல் நாற்றம். குழாயைக் கையில் பிடிக்க ஏலவில்லை. பௌதிகவியல் படித்தவர் நீர். என்ன பிழை விட்டேன்?

பிள்ளையின் மூச்சு முட்டு குறைந்ததா?

அன்புடன்,
கிருஷ்ணராசா


கிங்ஸ்பரி
9 ஒக்டோபர் 2009

அன்புள்ள உங்களுக்கு,

முதலில் அந்தப் பற்றரிகளைக் கழற்றுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் மின்னழுத்தம் இரண்டு மடங்கு. உள்ளே சூடேறுகிற அதே கம்பிச் சுருளில் வலு நாலு மடங்கு. கருகாமல் என்ன செய்யும்? ஒரே மாதிரிப் புதிய இரண்டைப் பக்கம் பக்கமாக இணைத்தால் வலு அதிகரிக்காது, கூடிய நேரம் நிற்கும், அவ்வளவுதான். பழையதைப் புதியதோடு சேர்த்தால் பழையது சூடேறி வெடிக்கவும் கூடும். ஊரில் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது செத்த பற்றரிக்கு உப்புத்தண்ணீர் விட்டு, புதியதோடு சேர்த்து ரேடியோ கேட்டோம். அந்தப் பழக்கம் இதற்கு ஆகாது. முகத்துக்கு முன்னால் பிடிக்கிற சாமான் இது.

லக்‌ஷிகாவுக்கு முட்டு குறைவு. நேற்றுக் கேட்டாள்: "அப்பா உண்மையா விட்டிட்டாரோ? இல்லாட்டி பழையபடி காருக்குள்ள ஒளிச்சுப் பத்துறாரோ?"

"எனக்குத் தெரியாது பிள்ளை" என்றேன்.

உங்களைப் போகச் சொன்னது புகைக்காக மட்டுமல்ல. சட்டை மணக்க மணக்க, பத்தவில்லை என்று சொன்னீர்களே, அதற்காக.

இப்படிக்கு,
நாகேஸ்வரி


செவன் கிங்ஸ்
12 ஒக்டோபர் 2009

நாகேஸ்,

கழற்றிவிட்டேன். ஆனால் நாற்பத்தோராவது நாள் என்று எழுதியது பொய். குழாய் கருகிய அன்றே கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கி, வாசலில் நின்று ஒன்று பத்தினேன். மிச்சத்தை அடுத்த அறைப் பத்மநாதன் அண்ணையிடம் கொடுத்தேன். "மடையா, நீ சொல்லாட்டி மனுசிக்கு ஆர் சொல்லப் போறது?" என்று சிரித்தார்.

நானே சொல்கிறேன். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறேன்.

கிருஷ்ணராசா


கிங்ஸ்பரி
14 ஒக்டோபர் 2009

அன்புள்ள உங்களுக்கு,

இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் கோபம்தான் வந்தது. பதினேழு வருடத்தில், நான் கண்டுபிடிக்காமல் நீங்களாகவே ஒத்துக்கொண்ட முதல் பொய் இது என்பது இரண்டாம் தரம்தான் விளங்கியது.

லக்‌ஷிகாவுக்கும் காட்டினேன். "வரச் சொல்லுங்கோ அம்மா, ஆனா அந்த மின்சிகரெட்டைத் தோட்டத்தில நிண்டுதான் ஊதவேணும்" என்றாள்.

சனிக்கிழமை தீபாவளி. மூன்று பேருக்குச் சமைக்கிறேன். தோட்டத்தில் நிற்கத் தடித்த கம்பளி ஜம்பர் கொண்டுவாருங்கள். மற்ற உடுப்புகளையும்தான்.

உங்கள்
நாகேஸ்