பின் சீட்டுக்கு அளவு

ஏங்க,

எழுப்பிச் சொல்ல முகமில்லை, அதனால்தான் எழுதுகிறேன். முட்டை வேகவைத்து மூடி வைத்திருக்கிறேன். பைக், சீட் தைக்கிற கடையில் நிற்கிறது. நான் வேலைக்குப் பஸ்ஸில் போகிறேன்.

நான் ஓட்டுகிற சீட்டை மாற்றக் கேட்டுப் போன அன்றைக்குக் கடைக்காரர், “பின்னாடி உக்கார்றவருக்கும் புது சீட் போட்டுடலாமாம்மா?” என்று கேட்டதற்கு, “அவருக்கெதுக்கு? மூட்டை மாதிரி சும்மாதானே வர்றாரு” என்றேன். நீங்கள் பக்கத்திலேயே நின்றீர்கள். வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை. விளையாட்டுக்குச் சொன்னதற்கு இவ்வளவு ரோஷமா என்று நானும் முறுக்கிக்கொண்டேன்.

நேற்று என் புது சீட்டை மாட்டியதும், ஆடுகிறதா என்று பார்க்கக் கடைக்காரரே வண்டியை ஓட்டினார். நான் முதல்முறையாகப் பின்னால் உட்கார்ந்தேன். அது சீட்டே இல்லை, பலகை. பாலம் தாண்டுவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. இறங்கியதும் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். “இல்லண்ணே, நிக்கிறேன்” என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாம் போகிற ஊரிலெல்லாம் டீக்கடை பெஞ்ச் காலியாக இருக்கும். நீங்கள் நின்றுகொண்டே டீ குடிப்பீர்கள். வேடிக்கை பார்க்கிற ஆசை என்று கிண்டல் வேறு செய்தேன்.

பின் சீட்டும் போடச் சொல்லி வண்டியை அங்கேயே விட்டுவந்தேன். உங்களை உட்காரவைத்துத்தான் அதற்கு அளவு எடுக்க முடியுமாம். சாயங்காலம் நேராகக் கடைக்கு வந்துவிடுங்கள்.

வீட்டுச் சாவி ஃபிரிட்ஜ் மேல்.

இன்னொன்று: மூட்டை என்று சொன்னது அந்தக் கடைக்காரர் முன்னால். மன்னிப்பும் அவர் முன்னால்தான் கேட்பேன். தயவுசெய்து வழக்கம்போல “பரவால்ல” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.