அழகுமுத்துவைப் பாதியில் எடுத்த ஆட்டம்

கந்தப்பளை, 1961

மச்சான்,

எதிர்த் தோட்டத்துக்கு விலைபோய்த்தான் அழகுமுத்துவைப் பாதியில் எடுத்தீர்கள் என்று சொல்லி, நம் பந்தாட்டக் கிளப்பின் மனேஜர் பதவியிலிருந்து உங்களை விரட்டியது அநியாயம்.

ஏழு வருடம் கழித்து நேற்றுதான் அழகுமுத்து டீக்கடையில் எல்லோர் முன்னும் சொன்னான்: "தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி கால்ல பட்டு லீவுல இருந்தவன், மறைச்சு ஆட்டத்துல எறங்கிட்டேன். ரத்தத்தப் பாத்து மனேஜர் மாமா பாதியில எடுத்தாங்க. தோட்டத்துத் தொரைக்குத் தெரிஞ்சா வேலையில இருந்து பேரை வெட்டிருவாருன்னு கெஞ்சினேன். அதான் அவங்க வாயே தொறக்கல."

கோப்பை போன அன்று உங்களைப் பார்த்து முதலில் கூவியவன் யார் என்று உங்கள் தங்கைக்குத் தெரியும். நேற்று அவள் என்னோடு பேசாமல் சோறு வைத்தாள். மன்னிப்பு என்று எழுத எனக்கு வராது.

கிளப் பலகையில் உங்கள் பெயரைச் செயலாளர் மறுபடி எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அழகுமுத்து இதை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். நீங்கள் இப்போது இருக்கும் உடப்புசல்லாவையில் பஸ் ஏற வேண்டும். இறங்குமிடத்தில் உங்கள் பெட்டியை வாங்க நான் நிற்க வேண்டும்.

உங்கள் தங்கை கணவன்