கை தூக்காதவள்

மே 4

அன்புள்ள உங்களுக்கு,

நலம். பயிற்சி முகாமில் எல்லோருடைய போனையும் பூட்டி வைப்பது என்று நான் போட்ட சட்டம் என் தலையிலேயே விழுந்திருக்கிறது. மளிகை வண்டி வந்தால்தான் இங்கே கடிதம் போகும், வரும்.

விடுமுறை விட்ட ஒரு பள்ளியின் விடுதியில் தங்கியிருக்கிறோம். பதினாறு பெண்களில் பாதிப் பேர் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வந்திருக்கிறார்கள். இரண்டு சுற்று ஓடினால் மூச்சு வாங்குகிறது. பந்தைத் தூக்கிக் கொடுப்பவளுக்கும் அடிப்பவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இந்த வாலிபால் டீமை வைத்துக்கொண்டு இந்த வருடப் போட்டியை எப்படி ஒப்பேற்றப் போகிறேனோ.

நம் பாப்பா இங்கே வெறும் நாலாம் நம்பர். என்னை எல்லோரையும் போல மேடம் என்றுதான் கூப்பிடுகிறாள். "மேடம் பொண்ணு, அதான் டீம்ல இருக்கா" என்று குளியலறையில் ஒருத்தி சொன்னது எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. அன்றிலிருந்து யார் தப்புச் செய்தாலும் இவளையும் சேர்த்து ஓட விடுகிறேன். அப்போதுதான் மற்றவர்கள் வாயை மூடுவார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மனைவி

மே 9

அன்புள்ள கோச்சம்மாவுக்கு,

சௌக்கியம். நான் சமைத்ததை நானே சாப்பிட வேண்டியிருக்கிறது, அது ஒன்றுதான் குறை. பட்டறையில் இரண்டு லாரி என்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கிறேன்.

பாப்பா எனக்குத் தனியாக எழுதியிருக்கிறாள். சாயங்காலமானால் வலது முழங்கால் வீங்கிக்கொள்கிறதாம். "அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா, சலுகை கேக்குறேன்னு நெனப்பாங்க" என்று வேறு. சொல்லாதே என்றதைத்தான் சொல்கிறேன், என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே. அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு தடவை அந்தக் காலைத் தொட்டுப் பார்.

நாலு பேர் வாயை அடைக்க நம் பிள்ளையின் கால்தானா கிடைத்தது? கோபித்துக்கொள்ளாதே. எனக்கு மனசு கேட்கவில்லை.

உன் சமையல்காரன்

மே 13

என்னங்க,

கடிதம் கிடைத்த மறுநாளே கேட்டுவிட்டேன். தனியாகக் கூப்பிட்டால் அதற்கும் ஒரு பேச்சு வரும் என்று, காலையில் எல்லோரும் வரிசையில் நிற்கும்போதே "யாருக்காவது கால் வலி இருக்கா?" என்றேன். மூன்று பேர் கை தூக்கினார்கள், உட்கார வைத்தேன். இவள் தூக்கவில்லை.

"நாலு, உனக்கு?"

"இல்ல மேடம்."

அதற்கு மேல் நான் என்ன செய்ய? மணலில் குதிக்கும் பயிற்சியில் அவள்தான் முதலில் நின்றாள். மத்தியானம் மனசு கேட்காமல் அவள் அறை வாசல்வரை போனேன். உள்ளே நாலைந்து பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

டீம் இப்போதுதான் கொஞ்சம் ஒட்டி வருகிறது. கவலைப்படாதீர்கள்.

உங்கள் மனைவி

மே 18

என்னங்க,

ஆஸ்பத்திரியிலிருந்து பாப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருக்கலாம்.

பயிற்சி ஆட்டத்தில் எம்பி அடித்துவிட்டு இறங்கியவள் எழுந்திருக்கவே இல்லை. இனி விளையாட்டே வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். விடுதிக்குத் திரும்பி வந்ததிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை. குளியலறையில் பேசினாளே, அவள் வந்து அழுதாள். என்னால் அவள்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

முகாமைப் பாதியில் விட்டுவிட்டு வரட்டுமா? பாப்பா என்னைக் கேட்டாளா?

உங்கள் மனைவி

மே 22

அன்புள்ள உனக்கு,

திட்ட வேண்டும் என்று நினைக்கவில்லை. பாப்பா வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தேன். நேற்றுதான் சொன்னாள்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோது நர்ஸ் உன்னிடம், "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்களாம். நீ "கோச்" என்றாயாம். பழக்கத்தில் வாயில் வந்திருக்கும் என்று சொன்னேன். அவளும் ஒத்துக்கொண்டாள். "அதுவரைக்கும் அம்மா பக்கத்துல நிக்கிறாங்கன்னு நெனச்சிட்டு இருந்தேம்ப்பா" என்றாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அவள் முன்னால் அழ முடியவில்லை.

பாதியில் வராதே. அந்தப் பதினைந்து பேர் உன்னை நம்பி வந்தவர்கள். அவர்களில் யாருக்காவது வலித்தால் தனியாகக் கூப்பிட்டுக் கேள்.

அவள் உன்னைக் கேட்கவில்லை. என் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள். நாளைக்குக் கூட்டிப்போகிறேன், பட்டறையை ஆட்களிடம் விட்டுவிட்டு நானும் அங்கேயே இருப்பேன். நீ வரும்போது வீடு பூட்டியிருக்கும், சாவி எதிர்வீட்டில் இருக்கிறது.

அவள் கூப்பிடும்வரை அங்கே வராதே. கூப்பிடு என்று நானும் அவளிடம் சொல்லப்போவதில்லை. சொன்னால் வலித்தாலும் கூப்பிட்டுவிடுவாள்.

உன் கணவன்