பாத்துக்கோங்க ஆயா

8-10-1991, செவ்வாய்

இன்றும் நான்கு படுக்கைகளுக்கு நானே விரிப்பு மாற்றினேன். தலைமை நர்ஸ் ராஜம்மா பார்த்துவிட்டார். "எல்லாத்தையும் நீயே இழுத்துப் போட்டுக்கினா ஆயா எதுக்கு? சொல்லி வேலை வாங்கும்மா."

ஆயா சந்திரம்மாளுக்கு என் அம்மா வயது. எப்படி ஏவுவது? 'பணி ஒப்படைத்தல்' என்று பயிற்சியில் ஒரு பாடம் இருந்தது. பத்து மதிப்பெண் கேள்வி. பத்தும் வாங்கினேன்.

9-10

முயன்றேன். "ஆயா, முடிஞ்சா அந்தத் தட்டை எல்லாம்..."

"முடிஞ்சான்னா இன்னா சிஸ்டர்? செய்யணுமா, வாணாமா?" சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

11-10, வெள்ளி

 

மதிய ஷிப்டில் நர்ஸ் நான் ஒருத்திதான். இரண்டரை மணிக்கு கங்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சேரப்பணஞ்சேரிக்காரி, இருபது வயது, தலைப்பிரசவம். முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து கால் மணிக்கு ஒருமுறை வயிற்றைத் தொட்டு, ரத்தம் எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும். அது என் வேலை.

மூன்று மணிக்கு, தண்டலம் பக்கத்துப் பட்டறையில் மிஷினில் கை நசுங்கிய ஒருவரைத் தூக்கி வந்தார்கள். டாக்டர் கூப்பிட்டார். ஓடிக்கொண்டே சொன்னேன் — "கங்காவைப் பாத்துக்கோங்க ஆயா."

அவ்வளவுதான் சொன்னேன்.

திரும்பியபோது மணி நாலு. கட்டிலில் சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பு. கங்கா தூங்குவது போல் இருந்தாள்.

"மூணு தபா துணி மாத்திட்டேன் சிஸ்டர். எவ்ளோ சுத்தமா கீது பாரு" என்றார் சந்திரம்மாள். குரலில் பெருமை.

கட்டிலுக்கு அடியில் வாளி. அதில் மூன்று துணிகள், பிழிந்தால் வடியும் அளவுக்கு. கங்காவின் உதடு வெளுத்திருந்தது. நாடி விரலுக்குப் பிடிபடவில்லை.

ஊசி, டிரிப், கார். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கதவு சாத்தும்போது அவள் மாமியார் கேட்டார், "நல்லாத்தானம்மா தூங்கினு இருந்தா?"

12-10

செய்தி இல்லை.

13-10, ஞாயிறு

சந்திரம்மாளை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "ரத்தம் போறது கண்ணுக்குத் தெரியலயா உனக்கு?" என்றார் ராஜம்மா.

"சிஸ்டர் பாத்துக்கச் சொன்னாங்க. பாத்துக்கினேன்." சொல்லிவிட்டு என்னைத்தான் பார்த்தார்.

ஈரத்தில் படுக்க விடாமல், ஈ உட்கார விடாமல் வைத்திருந்தார். அவர் அறிந்த பார்த்துக்கொள்வது அது. நான் வாயே திறக்கவில்லை. ஏன் திறக்கல? வேலை போயிடும்னு பயம். வேற என்ன? இத்தனை புஸ்தகம் படிச்சு என்ன.

15-10

கங்கா பிழைத்துக்கொண்டாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்களாம்.

16-10, புதன்

டாக்டரிடம் எழுதிக் கொடுத்தேன்: 'எதைப் பார்க்க வேண்டும், எப்போது என்னைக் கூப்பிட வேண்டும் என்று நான் ஆயாவிடம் சொல்லவில்லை. தவறு என்னுடையது.'

படித்தார். மடித்து மேஜை டிராயரில் போட்டார். "உன்னையும் அனுப்பிட்டா இங்க யாரு இருக்கா? போய் வேலையைப் பாரும்மா."

"சந்திரம்மாளைத் திரும்ப..."

அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

20-10, ஞாயிறு

சந்திரம்மாள் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். தம்ளரை வாங்கிக்கொண்டு கேட்டார்: "இன்னாத்த பாக்கணும்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருந்தா, நான் உன்னக் கூப்ட்டிருக்க மாட்டனா சிஸ்டர்?"

கோபமே இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

24-10, வியாழன்

இன்று ஒரு பிரசவம். புது ஆயா தாயாரம்மாளிடம் சொன்னேன்: "துணி நனைஞ்சா மாத்தாதீங்க. அப்படியே விட்டுட்டு வந்து என்னைக் கூப்பிடுங்க."

"நீ டாக்டராண்ட இருந்தா?"

"இருந்தாலும்."

திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒரு சொல் பிசகாமல் சொன்னார். வெளி வராந்தாவிலிருந்து டாக்டர் கூப்பிட்டார்.

"அதான் சொல்லிட்டியே. போம்மா, நான் கீறேன்" என்றார் தாயாரம்மாள்.

வாசல் வரை போனேன். பிறகு திரும்பி வந்து, ஒரு மணி நேரம் முடியும்வரை பக்கத்திலேயே இருந்து, விரிப்பையும் நானே மாற்றினேன்.